சாக்பீஸ் பெட்டியில் இருந்த மாத்திரைகள்

1986 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, மாலை ஐந்தே கால் மணி. செஞ்சியில் டாக்டர், சித்தியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. கடிகாரத்தின் நொடிமுள் அரைச்சுற்று வந்த பிறகும் அது தூர்ந்துபோகவில்லை. இன்றும் யாருடைய காலைப் பார்த்தாலும் என் கண் அந்த இடத்துக்கே போகிறது.

சித்தி, செஞ்சியை அடுத்த வல்லத்துக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியை. கல்லூரிப் படிப்புக்காக நான் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். நெடுநாள் இரத்த அழுத்தத்தில் அவருடைய இதயம் தளர்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வடியுது, வியாழக்கிழமை ஏறுது. உப்பு சேக்கறீங்களா டீச்சர்?"

"உப்பா? எங்கொழம்ப மாடுகூட மோந்து பாத்துட்டுப் போய்டுது சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. இதயம் வெறும் பம்ப் அல்ல என்பது அண்மையில்தான் தெரியவந்தது என்றார். நீர் மிகுந்து அதன் மேலறைகள் விரியும்போது, இதயமே ஒரு சுரப்பை இரத்தத்தில் சேதியாக விடுமாம். அது சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியேற்றச் செய்யும். இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். சித்தியின் உடலில் அந்தச் சேதி போயும் போதவில்லை. அதனால்தான் காலையில் நீர் மாத்திரை.

"இப்பிடியே போனா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். மாத்திரைய ரெண்டாக்கறேன்," என்று பேனாவைத் திறந்தார்.

பள்ளியில் போட்டுக்கொள்வதாகச் சொல்லிச் சித்தி கொண்டுபோகும் மாத்திரைகளைத் திங்களன்று அவருடைய சாக்பீஸ் பெட்டியில் பார்த்திருந்தேன். "போட்டா அரமணிக்கொரு தரம் போவணும். முள்ளுக்காட்டுக்கு ஓடுனா பசங்க சிரிக்கும். யார்கிட்டயும் சொல்லாத," என்றிருந்தார். நான்கு நாள் வாய் திறக்கவில்லை. அந்த இதயம் தன் பாரத்தைச் சொல்லிக்கொண்டேயிருந்தது. அறிந்திருந்தும் மௌனமாக இருந்தவள் நான்தான்.

"சார், பள்ளிக்கூட நாள்ல சித்தி மாத்திரை போடறதில்ல. அங்க கக்கூஸ் கெடையாது."

டாக்டர் பேனாவை மூடினார். பேருந்தில் சித்தி என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் காலை அவருடனே போனேன். பள்ளிக்கு எதிர்வீட்டில், பெரும்பாலும் தையல் மிஷினில் குனிந்திருக்கும் முஸ்லிம் அம்மாளிடம், அவர்கள் வீட்டுக் கக்கூஸுக்குச் சித்தி வந்துபோகலாமா என்று தடுமாறாமல் கேட்டேன்.

"இதுக்கா டீச்சர் இத்தினி நாளு வாயத் தொறக்கல? எம்பேரன் உங்ககிட்டதானே படிக்கிறான்! பின்பக்கமா வாங்க, கதவு தெறந்தேதான் இருக்குது." அவர் ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினார். நான் மாத்திரையை நீட்டினேன். சித்தி என்னை முறைத்தார். அது தொண்டையில் இறங்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.