கமலை மாடுகள் இறக்கிய வேம்பு

அறுபதுகளின் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் மரம் வெட்டும் வேலையைக் காண்ட்ராக்டாக எடுக்கத் தொடங்கினோம். திருச்சுழிக்கு மேற்கே எங்கள் ஊர். அதுவரை இருவருமே காட்டுக்கூலிக்குப் போனவர்கள். பெரிய ரம்பத்தின் ஒரு பிடியில் அவர், மறுபிடியில் நான். மரத்தில் ஏறுவது என் கொழுந்தன். ஒரு பொம்பளை ரம்பம் இழுப்பதைப் பார்க்கவே சில ஊர்களில் கூட்டம் கூடும். எனக்கு அது கூச்சமாக இருந்ததே இல்லை.

முதல் காண்ட்ராக்டு பந்தல்குடிப் பக்கம் ஒரு புளியமரம். "மரத்த எடுத்துட்டுப் போங்க" என்றார் தோட்டக்காரர். சரியென்று வாய்ப்பேச்சோடு இறங்கினோம். மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் வந்து நின்றார்.

"தூர யாரு தோண்டுவா? மரம்னா வேரும் சேத்துத்தான."

ஆறு நாள் தோண்டினோம். வெயிலில் கடப்பாரையைத் தொட முடியாமல் பிடியில் சாக்கைச் சுற்றிக்கொண்டேன். அந்த ஆறாம் நாள் சாயங்காலம், இனி எழுதாமல் எந்த மரத்திலும் கோடாலி வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அது போதுமானதாக இருந்தது. தூர் உண்டா இல்லையா, கிளையும் விறகும் யாருக்கு, சுவரோ கூரையோ சேதமானால் யார் பொறுப்பு, வெட்டியதை அள்ளிப் போவது யார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் பேசப் போவேன். மரத்தைச் சுற்றிவந்து, கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்க்காமல் வேலைக்கு ஒத்துக்கொள்வதும் இல்லை. உள்ளே பொந்து இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுபதுகள் பிறந்தபோது எங்கள் ஊர்க் கிணறுகளில் பம்புசெட் வந்துவிட்டது. கமலை இறைத்த மாடுகளுக்கு வேலை போயிற்று. எங்களிடமும் ஒரு ஜோடி இருந்தது. என் வீட்டுக்காரர் அவற்றைச் சந்தையில் விற்றுவிடலாம் என்றார்.

கமலை மாடு மற்ற மாடு மாதிரி இல்லை. சரிவில் முன்னால் நடந்து, சால் என்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைக் கிணற்றிலிருந்து மேலே இழுக்கும். பிறகு பின்பக்கமாகவே அடியெடுத்து ஏறி, காலிச் சாலை மெதுவாகக் கிணற்றுக்குள் இறக்கும். ஒருநாள் வண்டியில் பூட்டியபோது அவர் ஏதோ சொல்ல, இரண்டும் ஒன்றாகப் பின்னால் நடந்தன. பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று தோன்றியது.

"ஏங்க, தண்ணிச்சால எறக்குற மாடு கெளைய எறக்காதா?"

அவர் மாடுகளைத் தட்டி நிறுத்தினார். "எறக்கும்" என்றார்.

கிணற்று மேட்டில் சும்மா கிடந்த மர உருளைகள் இரண்டையும் கழற்றினோம். ஒன்றை மரத்தின் உச்சிக் கவட்டில் கட்டுவது, மற்றொன்றைத் தூரில் கட்டுவது. கிளையில் கட்டிய வடம் மேல் உருளையில் ஏறி, கீழ் உருளை வழியாக வெளியே வந்து மாட்டின் நுகத்தடிக்குப் போகும். பழைய வடத்தில் முறுக்கைப் பிரித்து உள்நாரைப் பார்த்தோம். கையில் பொடியாக உதிர்ந்ததைத் தள்ளிவிட்டோம். கொழுந்தன் இடுப்பில் கட்ட மட்டும் எப்போதும் புதுக்கயிறுதான். கிளைக்குக் கட்டிய கயிற்றை ஆளுக்குக் கட்ட நான் விட்டதே இல்லை.

ஊர்க்காட்டில் இரண்டு உடை முள்மரத்தில் பழகிப் பார்த்தபின், அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் சொல்லியனுப்பினார். இரண்டு ஓட்டுக் கொட்டகைகளுக்கு நடுவே ஒரு பெரிய வேம்பு. இரண்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன் பார்த்த காண்ட்ராக்டர், ஓடுகளையெல்லாம் பிரித்துவிட்டு எட்டு நாள் தறியை நிறுத்தச் சொல்லியிருந்தார். பொங்கல் சேலைக்குத் தறியில் பாவுநூல் ஏற்றியிருந்த நேரம் அது.

"தறி நிக்க வேணாம், மொதலாளி. கெளை கெளையா எறக்கிருவோம்" என்றேன்.

"மாட்ட வச்சா?" என்று சிரித்தார். உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை. வெளியே வந்து, "அந்தத் தாளக் காட்டும்மா" என்று வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ஓடு உடைந்தால் நாங்களே மாற்றித் தரவேண்டும்.

"சரிம்மா. நானும் ஒண்ணு சேக்குறேன். மரம் எறங்கி முடியுற வரைக்கும் எப்பிடி வெட்டணும்னு நாங்கதான் சொல்லுவோம்."

தறிக்காரர் பேனாவை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் அதை என் பக்கம் தள்ளினார். "எழுத்து வேல அவளுது" என்றார். அன்று நான் போட்ட கையெழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

முதல் இரண்டு நாளில் சின்னக் கிளைகள் எல்லாம் தெருவில் வந்து படுத்தன. மூன்றாம் நாள் மிச்சமிருந்தது, கிழக்குக் கொட்டகைக்கு மேலே படர்ந்த பெருங்கிளை ஒன்றும் அடிமரமும்தான். அன்று காலையில் தறிக்காரரின் அண்ணன் மதுரையிலிருந்து வந்திருந்தார்.

"இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு? அடியில ரம்பத்தப் போடு. தெருப்பக்கம் கயித்தக் கட்டி இழுத்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார்.

கொழுந்தன் மேலிருந்து என்னைப் பார்த்தான். நான் அடிமரத்தைக் கோடாலியால் தட்டிக் காட்டினேன். இடுப்பளவு உயரத்தில் பானையைத் தட்டுவதுபோல் கேட்டது.

"உள்ள பொந்து, ஐயா. பாதி அறுக்கயில பொளந்துச்சுன்னா எங்கிட்டுச் சாயும்னு யாரும் சொல்ல முடியாது. தெருப்பக்கம் ஆளுக நிக்கிறாக."

"எனக்குத் தெரியாதாக்கும்?"

தறிக்காரரின் மனைவிதான் பதில் சொன்னார். "எழுதிக் குடுத்திருக்கோம். அவுக சொல்றபடி நடக்கட்டும்."

பெருங்கிளையில் வடத்தை இரண்டு இடத்தில் கட்டினான் கொழுந்தன். முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகுதான் மேல்வெட்டு. இல்லாவிட்டால் பட்டை கிழிந்து கிளை ஊஞ்சலாடும். தெருவில் மாடுகள் வடத்தை இழுத்து விறைப்பாக நின்றன. மேலே கொழுந்தனின் கைரம்பம் முக்கால் தூரம் போனபோது கிளை முனகியது. அடுத்த இழுப்பில் மரத்தைவிட்டு விலகி வடத்தில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மில்லுச் சங்கு ஊதியது. முந்தின இரண்டு நாளும் மில்லு லீவு; எங்கள் மாடுகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. இரண்டும் மிரண்டு நாலு எட்டுப் பின்னால் வந்தன. கிளை சரசரவென்று இறங்கி, ஓட்டுக்கு ஒரு முழம் மேலே நின்றது. அதன் இலைநுனிகள் ஓட்டில் உரசுவது தெரிந்தது.

என் வீட்டுக்காரர் ஓடவில்லை. மாடுகளின் முகத்துக்கு நேரே போய் நின்று இரண்டின் நெற்றியிலும் கை வைத்தார். சங்கு ஓயும்வரை அப்படியே நின்றார். பிறகு கிணற்று மேட்டில் சொல்லுகிற அதே குரலில், "போவோம், மேல போவோம்" என்றார். மாடுகள் முன்னால் நடந்தன. கிளை மறுபடி உயர்ந்தது. கிளையின் நுனியில் கட்டியிருந்த வழிகாட்டுக் கயிற்றைப் பிடித்து, நான் அதைக் கொட்டகைகளுக்கு நடுவே இருந்த சந்துப் பக்கம் திருப்பினேன். "பின்ன வா, பின்ன வா" என்றார். ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தன. கிளை சந்துக்குள் இறங்கி, தூங்கும் பிள்ளையைக் கிடத்தியதுபோல் மண்ணில் படுத்தது. அவ்வளவு நேரமும் கொட்டகைக்குள் தறிச்சத்தம் நிற்கவே இல்லை.

அடிமரத்தை மேலிருந்து துண்டு துண்டாக எடுத்தோம். பொந்து இருந்த இடத்தில் என் கை முழங்கை வரை உள்ளே போனது. மதுரை அண்ணன் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு தெருப்பக்கம் கூடி நின்றவர்களையும் பார்த்தார். "நல்லதாப் போச்சும்மா" என்றார்.

கொழுந்தன் ஏறிப் பார்த்ததில் மூன்று ஓடு விரிசல் கண்டிருந்தது. அன்றே மாற்றிக் கொடுத்தோம்.

பொங்கலுக்குப் பிறகு அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் வரை எங்களைத் தேடி வந்தார்கள். "மாட்ட வச்சு மரம் எறக்குறவுக" என்றுதான் கேட்டு வருவார்கள். வீட்டுமேல் சாய்ந்த மரம், கோயில் சுவரை ஒட்டிய மரம், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மரம், மற்றவர்கள் வேண்டாம் என்று போனதெல்லாம் எங்களுக்கு வந்தது. இப்போதும் யாராவது அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால், நான் முதலில் சொல்வது இதுதான்: அத்தனை வருஷத்தில் எங்கள் வேலையில் ஒரு ஆளுக்கும் எலும்பு முறிந்ததில்லை.