ஜாஹிராவின் ஒன்பதாவது நிமிடம்

அத்தர் வியாபாரி நசீர் அகமதுவின் மகள் ஜாஹிராவுக்கு ஓயாத சளி. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்டவள் வேதியியல் படித்து, 1997இல் திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

"மூக்கே வேல செய்யாம அங்க என்னம்மா பண்ணுவே?" என்றார் அத்தா.

"மோந்து பாக்கறதுக்கு மிஷின் இருக்குது அத்தா."

அதன் பெயர் கேஸ் குரோமட்டோகிராப். ஊசியால் ஒரு சொட்டு கரைப்பானைச் செலுத்தினால் அது ஆவியாகி நீளமான குழாய்க்குள் ஓடும். கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிமிடத்தில் வெளியேறி, காகிதத்தில் ஒரு கூம்பு வரையும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு கலப்பு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஆவணியில், எத்தில் அசிடேட் கரைப்பானைச் சோதித்தபோது ஒன்பதாவது நிமிடத்தில் வேண்டாத கூம்பு எழுந்தது. டொலுவீன் என்ற வேறொரு கரைப்பான். மேலாளர் ராஜமாணிக்கம் பீப்பாய்களைத் திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தவற்றிலும் அதே கூம்பு. சப்ளையரை அவர் போனில் திட்டியது வாசல் காவலாளிவரை கேட்டது.

ஜாஹிராவுக்கு உறுத்தியது. போன வருஷம் தேறி, சீல் வைத்திருந்த மாதிரியைச் செலுத்தினாள். அதிலும் டொலுவீன். அப்படியானால் குற்றம் பீப்பாயில் இல்லை. ஊசி கழுவும் அசிட்டோனையே செலுத்திப் பார்த்தாள். ஒன்பதாவது நிமிடம் பேனா காகிதத்தின் விளிம்பில் போய் முட்டி நின்றது.

இரண்டு நாள் அந்த அசிட்டோன் பாட்டிலையே கவனித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் ராஜமாணிக்கம் அசிட்டோனில் துணியை நனைத்துக்கொண்டு தன் ஸ்கூட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையைத் துடைக்கப் போனார். திரும்பி வந்து, மேசைக்கடியிலிருந்த பெயிண்ட் தின்னர் டப்பாவை எடுத்து பாட்டிலை நிரப்பினார். அவர் சாப்பிடப் போனதும் தின்னரிலும் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தாள்.

பிறகு மூன்று காகிதங்களை அவர் முன்னால் வைத்தாள். "இது பழைய சாம்பிள் சார். இது அசிட்டோன். இது உங்க தின்னர்."

மூன்றிலும் ஒன்பதாவது நிமிடத்தில் நின்ற கூம்பை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "பாட்டில்ல கம்மியா இருந்தா நீ கேப்பியேனு ஊத்திட்டேம்மா. கொஞ்சம்தானே, மிஷினுக்குத் தெரியாதுனு நெனச்சேன்."

"வண்டியில ஸ்டிக்கர் பசை போயிடுச்சுங்களா சார்?"

"போயிடுச்சு. பெயிண்டும் சேந்து போயிடுச்சு."

அன்றே சப்ளையருக்குப் போன் போட்டார். இந்தமுறை பக்கத்தில் நின்ற ஜாஹிராவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

2005இல் ஓய்வு பெற்றபோது தன் இடத்துக்கு அவள் பெயரைத்தான் எழுதிக்கொடுத்தார். தகுதி என்ற இடத்தில், 'மேலதிகாரியையும் சோதித்துப் பார்ப்பார்' என்று இருந்தது.