பைக் ஆம்புலன்ஸுக்கு எத்தனை மார்க்?

சென்ற மாதம் என்னை ஒரு நிபுணர் குழுவில் உட்கார வைத்துவிட்டார்கள். பதற வேண்டாம்... நான் நிபுணன் ஆகிவிடவில்லை. 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ராயபுரத்துவாசி என்ற ஒரே தகுதியில் எனக்குக் கிடைத்தது.

விஷயம் சின்னதல்ல. எங்கள் பனியன் நகரத்தின் குறுகிய சந்துகளுக்காக அரசுப் பணத்தில் பைக் ஆம்புலன்ஸ்கள் ஓடுகின்றன. ஆக்ஸிஜன், முதலுதவி மருந்துகளோடு பயிற்சி பெற்ற ஒருவர் பைக்கில் வந்து இறங்குவார். இந்தச் செலவைத் தொடரலாமா, நிறுத்தலாமா? டாக்டர்களும் அதிகாரிகளும் கூடி ஒருமித்த முடிவு சொல்ல வேண்டும்.

முறை எனக்குப் புதிது. முதலில் யார் என்ன போடுகிறார்கள் என்று தெரியாமல் எல்லோரும் மார்க் போட வேண்டும். பிறகு பேச வேண்டும். பேசிய பின் மறுபடியும் மார்க்.

முதல் சுற்றில் பைக் ஃபெயில்!

எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதுதான் அளவுகோல். பைக் யாரைக் கொண்டுவரும்? ஒரே ஒருவர் மட்டும் மார்க்கை அள்ளிக் கொடுத்திருந்தார்.

ஓட்டெடுப்பாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தலைமை தாங்கிய சீனியர் சர்ஜன் வேலுச்சாமி விடவில்லை. "அதிகமாப் போட்டவங்களுக்கு ஒரு காரணம் இருக்குமில்லீங்க? சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்."

அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் நஸ்ரீன் கையைத் தூக்கினார். "நான்தானுங்க சார்."

அவர் சொன்னது இது. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கும் செல்விக்கு மதியம் திடீரென்று கடும் மூச்சுத் திணறல். ஆஸ்துமா. ஆம்புலன்ஸ் வேன் வேகமாகத்தான் வந்தது. ஆனால் துணி ரோல் இறக்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னால், சந்துமுனையிலேயே மாட்டிக்கொண்டது. பைக் மட்டும் நுழைந்தது. ஆக்ஸிஜன் வைத்து, மருந்து கொடுத்து... வேன் உள்ளே வந்தபோது செல்விக்குப் பேச்சு வந்திருந்தது.

"அந்தப் பொண்ணை எங்கிட்டக் கொண்டாந்தது வேன்தானுங்க. கணக்கும் வேனுக்குத்தான். ஆனா, உசுரோட வந்ததுக்குக் காரணம் பைக்குங்க சார்."

சர்ஜன் கேட்டார். "சரிங்கம்மா... அகலமான மெயின் ரோட்டுக்கும் பைக் வேணுங்களா?"

நஸ்ரீன் கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க சார். அங்க வேனே சீக்கிரம் வந்துருது. அது வீண் செலவுதானுங்க."

ஜெயிக்கிற நேரத்தில் இப்படி ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

அடுத்தது அதைவிட ஆச்சரியம். சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கறதுலயே குறைச்சலாப் போட்டது நானுங்க. வந்து சேர்ந்தவங்களை மட்டும் எண்ணிட்டேன். தப்புங்க, மாத்திக்கறேன்."

அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை!

இரண்டாவது சுற்றில் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்திருந்தார்கள். சந்துகளில் பைக் தொடரட்டும். மெயின் ரோட்டில் நிற்பவை மண்ணரை, நல்லூர்ச் சந்துகளுக்குப் போகட்டும். நோயாளியிடம் யார் முதலில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் இனி கணக்கில் எடுக்க வேண்டும்.

பரிந்துரை மேலே போனது. நிதி தொடரும் என்று நேற்றுத் தகவல் வந்தது. எனக்கு ஏனோ சொந்த வீட்டில் நல்லது நடந்ததுபோல ஒரு நிறைவு.

சரியான காரணத்தைக் கேட்டதும் கருத்தை மாற்றிக்கொள்கிற பெரிய மனிதர்களை... டிவி விவாதங்களுக்குக் கூப்பிடவே மாட்டார்கள்!