இரண்டு பக்க இறக்கை

வான்கோழிக்கு இறக்கை வெட்டினால் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்ட வேண்டும். கீழப்பாவூரில் குஞ்சு விற்றவர் இதை இரண்டு முறை சொல்லி அனுப்பினார். ஒரு பக்கம் குறைந்தால்தான் நிலை தடுமாறும், உயரத்தில் போய் அடையாது; இரண்டும் சமமாக இருந்தால் எப்படியாவது பறந்து ஏறிவிடும். நான் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டேன். பாதி மீசையை மழித்த ஆள் போல எங்கள் சேவல் நடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. என் கணவரிடம் இதைச் சொல்லவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. முந்தின வாரம்தான் மாட்டுக்கொட்டகையின் கூரையில் அடைந்த பெட்டையை மரநாய் தூக்கிப் போயிருந்தது. அன்று பொழுது சாயும் நேரத்தில் அதே கூரை உச்சியில் சேவல் உட்கார்ந்திருந்தது.

"ஒரு பக்கந்தான வெட்டுன?" என்றார் அவர். பட்டாளத்தில் இருந்தவர். கேட்டதற்கு உடனே பதில் வர வேண்டும்.

"ஆமா" என்றேன்.

"அப்ப செவரு, தொட்டின்னு தத்தித் தத்திப் போயிருக்கு. இனி இறங்க முடியாது. குதிச்சா சாஞ்சு விழுந்து கால ஒடிச்சுக்கிடும். நான் ஏறுதேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிமெண்ட் ஷீட்டில் போல்ட் வரிசை பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும், அடியில் இரும்புக் குழாய் தாங்கும். அவருக்கு அது தெரியும். ஆனால் பாசி பிடித்த ஷீட், மேலே தூறல். கால் ஒரு சாண் விலகியது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

கொட்டகைக்குள் ஓடினேன். அவருடைய ஒரு கால் தொடைவரை ஓட்டை வழியாகத் தொங்கியது. நேர் கீழே துணி துவைக்கிற கல். செருப்பு கழன்று அந்தக் கல் மேல் விழுந்தது. ஓட்டையைச் சுற்றிலும் விரிசல் ஓடிக்கொண்டிருந்தது.

"அசையாதிய. நான் ரெண்டு பக்கமும் வெட்டிட்டேன். அது தானா இறங்கிரும். பொய் சொல்லிட்டேன்."

தொங்கிய கால் அசைவதை நிறுத்தியது.

"தீனி டப்பாவ ஆட்டு" என்றார்.

வெளியே வந்து ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் பாதி சோளம் மண்ணில் கொட்டியது. சேவல் எழுந்தது. வெட்டுப்பட்ட இரண்டு இறக்கையையும் சரிசமமாக விரித்து, தொப்பென்று முற்றத்தில் இறங்கி, சோளத்தைக் கொத்த ஆரம்பித்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி இன்னொரு ஏணியும் பலகையும் கொண்டுவந்துதான் அவரை இறக்கினார். தொடையில் நீளமாகக் கிழிந்திருந்தது. மருந்து போடும்போது கையைப் பிடித்து அழுதேன்.

"ஏணி வைக்கதுக்கு முன்ன சொல்லிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

காயம் ஆறிவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்கிறார். ஆமா என்கிறேன். பிறகு அவரே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.