எஸ்தரின் சாய்தளங்கள்

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது நான் தாராபுரத்தில், நாங்கள் இருவரும் சேர்ந்து வரைந்த எலும்பு மருத்துவமனையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாய்தளத்துக்கு மண் கொட்டிச் சரித்து வைத்திருந்தார்கள். காய்ச்சல் என்று படுத்த எஸ்தர், திங்கட்கிழமை வந்து அந்த மருத்துவமனையைக் கட்டும் டாக்டரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அழைத்தது அவருடைய கணவர் செல்வராஜ். "எஸ்தர் போயிட்டாளுங்க" என்றார். அடுத்த லோடு மண்ணை எங்கே கொட்டுவது என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருந்தார்.

கணபதியில் இருக்கும் எங்கள் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் எஸ்தரைத் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவரோடு சண்டை போடாதவர் உங்களில் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். அந்தச் சண்டையும் பெரும்பாலும் சாய்தளத்தைப் பற்றியதாகவே இருந்திருக்கும்.

வரைபடத்தில் சாய்தளம் வந்தால், ஏறும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுப் பக்கத்தில் 1:12 என்று அடித்துவிடுவது எங்கள் வழக்கம். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம். சக்கர நாற்காலிக்கு அதுதான் கணக்கு. பிறகு வாசல் உயரும், இடம் குறையும், எழுத்து மட்டும் 1:12 என்றே நிற்கும். எஸ்தர் அந்த எண்ணைக் கையால் அடிப்பதை நிறுத்தினார். வரைந்த சாய்தளத்தை மென்பொருளே அளந்து சரிவைக் காட்டும்படி குறியை அமைத்தார். ஒரு பள்ளிக்கூடத்து வரைபடத்தில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது அது 1:8 என்று காட்டியது. மென்பொருளில் ஏதோ கோளாறு என்றார் எங்கள் முதலாளி. "அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க சார், நாமதானுங்க சொல்லிப்போட்டோம்" என்றார் எஸ்தர். முதலாளி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

செல்வராஜ் மில் வேலையில் கீழே விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர். நடமாட்டமெல்லாம் சக்கர நாற்காலியில்தான். நாங்கள் வரைந்த சாய்தளம் எங்கேயாவது கட்டி முடிந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு எஸ்தர் அவரை அங்கே கூட்டிப்போவார். யாரும் தள்ளக் கூடாது. அவர் தானே சக்கரத்தை உருட்டி ஏறும்போது, எஸ்தர் மேலே நின்றுகொண்டு, "ராத்திரிக்கு என்னங்க ஆக்கட்டும்?" என்று கேட்பார். ஏறிக்கொண்டே, மூச்சு வாங்காமல் பதில் சொல்லி முடித்தால் சாய்தளம் தேறியது என்று அர்த்தம். சென்னிமலையில் ஒரு ஜமக்காளக் கடை வாசலில் செல்வராஜ் குழம்பில் தொடங்கி அப்பளம் வரைக்கும் சொல்லி, கறியும் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். "ராம்ப்பு நல்லாத்தானுங்க இருக்குது, கறிதான் கெடையாது" என்றார் எஸ்தர். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

தாராபுரம் டாக்டர் கெட்ட மனிதர் அல்ல. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சாய்தளத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்ததும் குறி 1:7 என்று மாறிவிட்டது. அதை அழித்துவிட்டு 1:12 என்று அடித்துத் தரச் சொன்னார். நோயாளிகளைத் தள்ளிப்போகத்தான் ஆள் போட்டிருக்கிறோமே என்றார். "ஆள் இல்லாத நேரத்துக்குத்தானுங்க ராம்ப்பு" என்று எஸ்தர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் படிகள்தான் இருந்தன. செல்வராஜை நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். எஸ்தர் இருந்திருந்தால் அந்த வாசலிலேயே பாதிரியாரைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பார் என்று நினைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் டாக்டர் அழைத்தார். துக்கம் விசாரித்துவிட்டு, கான்கிரீட் போட நாள் குறித்தாயிற்று, வரைபடத்தில் 1:12 என்று மாற்றி அனுப்புங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு அடித்துக் கொடுத்துவிடச் சொன்னார் முதலாளி. எனக்குச் சண்டை போட வராது. போட வேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார். யாரிடம் போவது என்று தெரியாமல் செல்வராஜிடம்தான் போய்ப் புலம்பினேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "நான் வாரேனுங்க. அவ கடசியா வரஞ்சது, ஏறிப் பாத்துப்போடலாம்" என்றார்.

டாக்டர் கேட்டபடி குறைத்த நீளத்தில் கெட்டித்திருந்த மண்ணின்மேல் பலகை விரித்தோம். டாக்டரும் வெளியே வந்து நின்றார். செல்வராஜ் சக்கரத்தை உருட்டி ஏறத் தொடங்கினார். எஸ்தர் நிற்க வேண்டிய இடத்தில், மேலே, நான் நின்றேன். கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. பாதி தூரத்தில் நாற்காலி நின்றது. இரண்டு கைகளாலும் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேளுங்க" என்றார்.

"ராத்திரிக்கு என்னங்க சாப்பாடு?"

அவர் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. நாற்காலி பின்னால் உருளத் தொடங்கியது. டாக்டர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே நின்றார்.

கான்கிரீட் போடும் நாளை டாக்டர் இன்னும் மாற்றவில்லை. வரைபடம் என் திரையில் திறந்தே கிடக்கிறது. குறி 1:7 என்கிறது. நான் அழிக்கவில்லை, அழிக்கப் போவதும் இல்லை. இந்த வேலை எனக்கு இருக்குமா என்று தெரியாது, அந்தச் சாய்தளம் என்ன ஆகும் என்றும் தெரியாது. எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். நாங்கள் வரைகிற எந்தச் சாய்தளமானாலும் அதன் மேலே நின்று இனி நான்தான் கேட்க வேண்டும்.

அன்று திரும்பி வரும் வழியில், காரில், செல்வராஜ் தானாகவே பதில் சொன்னார்.

"ரசம் போதும்னு சொல்லோணும்னுதானுங்க இருந்தேன். யாருகிட்டச் சொல்றதுன்னு தெரீலீங்க."