எழும்பூர் போய்த் தாம்பரம் வருவது

பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம். ஒருமுறை. பிறகு, படியிறங்கிய செருப்பு திரும்ப ஏறி வந்து, இன்னொருமுறை. எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள் மே மாத விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சத்தத்தில் இரும்பு குறைவு, சந்தேகம் அதிகம். கிளம்புகிற மனிதன் வீட்டிடம் ஏதோ கேட்கிறான். வீடு பதில் சொல்வதில்லை. அதனால் மறுபடியும் கேட்கிறான்.

என் கணவரும் அப்படித்தான் இழுப்பார்.

அவருக்குத் திருமுடிவாக்கத்தில், இயந்திர பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில், குவாலிட்டி பார்க்கிற வேலை. கடைந்து வரும் உருப்படியை அளந்து, மயிரிழை கூடினாலும் ஒதுக்கிவைப்பவர். வருஷம் முழுக்கச் சாதுவான மனிதர். ஊர் சுற்றப் போகலாம் என்று டிக்கெட் போட்ட நாளிலிருந்து வேறு ஆள். முதலில் தூக்கம் போகும், அப்புறம் பசி. கிளம்புகிற வாரத்தில் வயிறு தன் கடமையையே மறந்துவிடும். ஹோட்டலுக்கு போன் செய்து அறை உறுதிதானா என்று கேட்பார். உறுதிதான் சார் என்று அவன் சொல்லிவிட்டால், "எப்படி யோசிக்காமச் சொல்றான் பாரு" என்று அதற்கும் ஒரு நாள் கவலைப்படுவார். மழை பெய்தால்? பெய்யாவிட்டால்? ஓய்வுக்காகத்தான் போகிறோம் என்பதே அவருக்கு ஒரு வேலையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். காற்று எங்கள் பக்கம் வீசினால் ரயில் அறிவிப்பு சமையலறைக்குள் வரும். தெற்கே போகிற வண்டிகள் எழும்பூரில் புறப்பட்டு, அரை மணி நேரத்தில் இங்கே வந்து நின்று, எங்களைப் போன்றவர்களை ஏற்றிக்கொண்டுதான் செங்கல்பட்டுப் பக்கம் போகின்றன. ஆனாலும் நாங்கள் ஒருமுறைகூடத் தாம்பரத்தில் ஏறியதில்லை. பெட்டியும் பையுமாக மின்சார ரயிலில் வடக்கே எழும்பூர் வரை போவோம். அங்கே சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்து, எங்கள் வண்டியில் ஏறித் தெற்கே திரும்புவோம். பல்லாவரம், குரோம்பேட்டை, பிறகு தாம்பரம். எங்கள் ஊரை ஜன்னல் வழியே, ஊர் பேர் தெரியாதவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருதடவை எங்கள் தெரு இஸ்திரிக்காரர் அந்தப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார்.

"இன்னா சார், எங்கேர்ந்து வர்றீங்கோ?"

"வீட்லேர்ந்துதான்," என்றார் இவர்.

இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்தேன்.

காரணம் கேட்டால் தயாராக இருக்கும். "இங்க ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். கோச்சு எங்க வரும்னு எவனுக்குத் தெரியும்? போர்டுல ஒண்ணு போடுவான், வண்டி இன்னொண்ணா நிக்கும்." அவர் சொல்லாத காரணம் எனக்கு மெல்லத்தான் புரிந்தது. எழும்பூரில் வண்டி அவருக்காகக் காத்திருக்கிறது. தாம்பரத்தில் அவர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். நிற்கிற வண்டியைச் சுற்றி நடந்து, பெட்டி எண்ணைத் தொட்டுப் பார்க்கலாம். வந்துகொண்டிருக்கிற வண்டி வெறும் வெளிச்சம், சத்தம், காற்று. அளப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

இந்த வடக்குப் பயணத்தில்தான் சண்டை வரும். பல்லாவரத்தில் நான் ஏதாவது கேட்பேன், பால் வேண்டாமென்று சொல்லியாச்சா என்று, வெயிலைப் பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாக. அதில் பற்றிக்கொள்ளும். கிண்டி, மாம்பலம் என்று ஏறி, எழும்பூர் மேம்பாலப் படிக்கட்டில், இரண்டு பேர் கையிலும் சுமை இருக்கும்போது உச்சத்துக்குப் போகும். அப்புறம் விழுப்புரம் வரை பேச்சில்லை. குற்றாலம் போனபோது அந்த மௌனம் அருவி வரை கூடவே வந்தது. பெண்கள் பக்கம் நான், ஆண்கள் பக்கம் அவர். தலையில் அவ்வளவு தண்ணீர் கொட்டியும் இரண்டு பேரில் ஒருவர்கூட முதலில் வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்து ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னேன்: "இன்னொரு தடவை இப்படின்னா அதுதான் கடைசி. அதுக்கப்புறம் நீங்க எங்க வேணா போய்ட்டு வாங்க. நான் வர்றதா இல்ல." கோபமில்லாமல் சொன்னேன். அதனால் அவர் நம்பினார்.

அடுத்த கோடையில் கொடைக்கானல். இரண்டு பேருக்குமே அது தெரியும்: இந்தத் தடவை எழும்பூர்ப் படிக்கட்டில் சண்டை வந்தால், சேர்ந்து போகிற கடைசிப் பயணம் இது.

கிளம்புகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. மேடவாக்கத்தில் தோழிகளோடு தங்கி ஐடி வேலைக்குப் போகிற மகள் எங்களை அனுப்பிவைக்க வந்திருந்தாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் அவர் பேண்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டார். சொந்த வீடு அவருக்கு வெயிட்டிங் ரூம் ஆகியிருந்தது.

"லைன்ல வேலை நடக்குதாம். எலெக்ட்ரிக் ட்ரெயின் பாதி கட். இப்பவே கிளம்பினாத்தான் சரியா இருக்கும்."

"வண்டி ராத்திரிதானேப்பா," என்றாள் மகள்.

"அது எக்மோர்ல."

"அதான் சொல்றேன். அங்க கிளம்பி நேரா நம்ம ஊருக்குத்தான் வருது. நீங்க எதுக்கு அங்க போய்க் கூட்டிக்கிட்டு வரணும்? மாப்பிள்ளை அழைப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "உங்களுக்கு எல்லாமே விளையாட்டு," என்று, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "பாத்திரத்தை வந்து கழுவிக்கக் கூடாதா?"

"போட்டுட்டுப் போனா கரப்பான் குடித்தனம் நடத்தும்."

"நடத்தட்டுமே!"

பல்லாவரத்தில் ஏற வேண்டிய சண்டை வீட்டு வாசலிலேயே ஏறிவிட்டது. அடுத்த வாக்கியம் என் நாக்கில் இருந்தது, நல்ல கூர்மையானதாக. அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். நெற்றி முழுக்க வியர்வை. மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பையனின் வியர்வை அது. அவருக்குச் சண்டை போடுகிற ஆசை எதுவும் இல்லை என்பது, யாரோ மூன்றாவது மனிதர் சொன்னது போல, எனக்குத் தெரிந்தது. அவருக்கு வேண்டியது நிற்கிற வண்டி. எனக்கு வேண்டியது அந்தப் படிக்கட்டில் ஏறாமல் இருப்பது.

"நீங்க எக்மோர் போய் ஏறிக்குங்க," என்றேன். "நான் இங்க ஏறிக்கிறேன்."

மகள் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்தாள். அவர் எழுந்து நின்றார்.

"கோவத்துல சொல்றியா?"

"இல்ல. நிஜமாத்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டு."

"ஒரே வண்டியும்தானே."

யோசித்தார். உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிடிஇ வந்து கேட்டா..." என்று தொடங்கி, "நான்தான் உள்ள இருப்பேனே, அவங்க தாம்பரத்துல ஏறுவாங்கன்னு சொல்லிட்டாப் போச்சு," என்று தானே முடித்தார். மெதுவாக அவர் தோள் இறங்கியது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் இறங்கியதென்று நினைக்கிறேன். "பை எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன். நீ கைய வீசிக்கிட்டு வா."

"கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துல இப்பத்தான் ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க," என்றாள் மகள். "அதுவும் பிரிஞ்சு போறதுல."

ஸ்டேஷன் வரை நானும் போனேன். நாங்கள் எப்போதும் சேர்ந்தே கிளம்பியிருக்கிறோம், ஒரே சுமையின் இரண்டு காதுகளைப் பிடித்துக்கொண்டு. ஒருவரை வழியனுப்புகிற தூரத்திலிருந்து அவரைப் பார்த்ததில்லை. அந்தத் தூரத்தில் அவர் கொஞ்சம் குள்ளமாக, கொஞ்சம் அந்நியராக, பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தார். வெயில் தண்டவாளத்தில் நெளிந்துகொண்டிருந்தது. எழும்பூர் வழியாகக் கடற்கரை வரை போகிற பீச் வண்டி கூட்டமில்லாமல் வந்தது. பெட்டியை உள்ளே தள்ளி, வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து, பைகளை முழங்காலால் அணைத்துக்கொண்டார்.

"எஸ் நாலு. நடுவுல எங்கேயோதான் நிக்கும். வாசல்லயே நின்னு கை காட்டறேன்."

"சரி."

"ஓடி வராத. நின்னப்புறம் ஏறு."

"சரிங்க."

"மறக்காமச் சாப்பிடு."

"நீங்களும்."

ஹாரன் அடித்தது. பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வண்டி மெல்ல நகர்ந்தது. நான் கூடவே சில அடி நடந்தேன்.

"ஏய், எக்மோர் வரைக்கும் நான் யார்கூடச் சண்டை போடறது?"

"பக்கத்துல வந்து உக்கார்றவர்கூடப் போட்டு முடிச்சிடுங்க. தாம்பரத்துக்கு மிச்சம் எதுவும் கொண்டு வராதீங்க."