இடது பக்கம் மங்கிய வெளிச்சம்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கார் சாவியைக் கொண்டுவந்து என் லேப்டாப் மேல் வைத்தார்.

"இனி நீயே ஓட்டிக்க கண்ணு. எனக்கு எடதுபக்கம் ரோடே தெரியறதில்ல."

அருள்புரத்தில் எங்கள் சிறிய தையல் யூனிட். அங்கிருந்து ராயபுரம் வீட்டுக்குத் தினமும் இருட்டிய பிறகு அவர்தான் ஓட்டி வருவார். பெரியப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை போனபோதும் இடது கண்ணில்தான் தொடங்கியது. அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் படித்தது எலக்ட்ரிகல். யூனிட்டில் மெஷின் நின்றால் செய்வதையே அன்றும் செய்தேன். சந்தேகங்களை வரிசையாக எழுதினேன்: கண், மூக்குக் கண்ணாடி, காரின் முன்கண்ணாடி, விளக்கு. கண் டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன். அதுவரை சும்மா இருக்க முடியாமல் பட்டியலைக் கீழிருந்து தொடங்கினேன்.

போன வருடம்தான் அப்பா காரோடு வந்த பல்புகளைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய, அதிக வெளிச்சம் தரும் செனான் விளக்குகளைப் போட்டிருந்தார்.

"மெக்கானிக் பாத்துட்டாரு சாமி. ரெண்டும் பளிச்சுனு எரியுது."

"எத்தன நேரம் எரியவுட்டுப் பாத்தாருங்கப்பா?"

"போட்டாரு, அணைச்சாரு."

அப்பாவும் வீட்டு வாசலில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்; எரிகிறபோது முன்னால் நின்று பார்த்ததில்லை.

ஞாயிறு காலை ஷெட்டில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அப்பாவை உள்ளே உட்காரவைத்தேன். சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒன்றுபோல இருந்தன. பத்து நிமிடம் கழித்து இடது பக்கம் ஒருமுறை துடித்து அணைந்தது.

"பாரு, இப்ப மங்குது," என்றார் உள்ளிருந்து.

"எனக்கும்தானுங்கப்பா மங்குது."

அவர் இறங்கி வந்து பார்த்தார். அந்த விளக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சூடு ஆறியதும் இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டேன். மறுபடியும் இடதுதான் அணைந்தது. ஆக, பல்பில் கோளாறு இல்லை. மிச்சம், விளக்குக்கு மின்சாரத்தை ஏற்றித் தரும் பேலஸ்ட் பெட்டி. விளக்கின் பின்னால் கையை நுழைத்துத் தொட்டால், அதன்மேல் நாலைந்து சுற்று பனியன் வேஸ்ட், தையலில் கழிகிற துண்டுத் துணி. மேலே எலாஸ்டிக் கட்டு. உள்ளே பெட்டி தொட முடியாத சூடு. சூடு ஏறினால் அது தானாகவே நின்றுவிடும், ஆறினால் விளக்கு மறுபடி எரியும்.

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். "பல்லடம் ரோட்டுக் குழியில இந்தப் பெட்டி கடகடன்னுச்சு. அதான்..."

எங்கள் ஊரில் ஆடுகிற எதற்கும் பனியன் வேஸ்ட்தான் மருந்து. என் மேசைக்கால் அடியிலும் அது உண்டு.

"கொழந்தைக்குப் போத்தற மாதிரி போத்தி வெச்சிருக்கீங்க. வேகாம என்னங்க பண்ணும்?" என்றாள் ஷெட் வாசலுக்கு வந்திருந்த அம்மா. மூன்று பேரும் சிரித்தோம். அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துணியை அவிழ்த்து, பெட்டியைப் பிடித்திருந்த தளர்ந்த திருகாணியை முறுக்கினேன். அரை மணி நேரம் இரண்டு விளக்கும் அணையவில்லை.

டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யவில்லை. விழித்திரையில் ஒன்றுமில்லை என்றார். மூக்குக் கண்ணாடியின் பவரை மட்டும் மாற்றினார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். செனான் எதிரே வருகிறவர்களின் கண்ணைக் கூசவைக்கிறது, பழைய பல்பையே போட்டுவிடலாம் என்றேன்.

"போட்டுரு. அவிய கண்ணும் நல்லா இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை லேப்டாப்பைத் திறக்கப் போனேன். முந்தின இரவு அதன்மேல் நான் வைத்த கார் சாவி இல்லை. வாசலில் எங்கள் கார் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.